மோட்டர் ஓடியும் தண்ணீர் ஏறாதது ஏன்? உறிஞ்சலும் அதன் எல்லையும்

ஓகஸ்ட், செப்ரெம்பர் மாதங்களில் யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமத்துக் கிணறுகளில் நீர்மட்டம் இறங்கத் தொடங்கியதும் அதே முறைப்பாடு வீட்டுக்கு வீடு கேட்கும். மோட்டர் ஓடுகிறது. சத்தத்திலும் குறையில்லை. மேலே இருக்கும் தாங்கிக்கு மட்டும் தண்ணீர் ஏறுவதில்லை. திருத்த வருபவர் “சக்ஷன் காணாது”, அதாவது உறிஞ்சல் போதாது என்கிறார். கடையில் விசாரித்தால், குதிரைவலு கூடிய மோட்டரைப் பூட்டினால் இழுத்துவிடும் என்ற பதில் கிடைக்கிறது. கடன்பட்டு வாங்கிப் பூட்டிய புதிய மோட்டரும் பழையது நின்ற அதே இடத்தில் நின்றுவிடும்போது, ஏமாற்றப்பட்டோமோ என்ற சந்தேகம் எழுகிறது.

பல சமயங்களில் யாரும் ஏமாற்றியிருக்கமாட்டார்கள். வாங்கியவரும் விற்றவரும் உறிஞ்சலை ஓர் இழுப்பாக நினைத்துக்கொண்டதுதான் சிக்கல். இழுப்பு என்றால், பலத்தைக் கூட்டக் கூட்டப் பொருள் வந்துகொண்டே இருக்கவேண்டும். உறிஞ்சல் அந்தக் கணக்குக்குள் அடங்காது. அதற்கு ஓர் உச்ச எல்லை இருக்கிறது. எவ்வளவு விலைகொடுத்து வாங்கிய இயந்திரமும் அதைத் தாண்டாது. அந்த எல்லை எங்கிருந்து வருகிறது என்பது பிடிபட்டால், இளநீர்க் குழல், சுவரில் ஒட்டும் கொக்கி, புயலில் பறக்கும் தகரம், பாம்புக்கடி முதலுதவி என்று ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவைபோலத் தெரியும் பலவும் சேர்ந்தே விளங்கிவிடும்.

தள்ளும் விசை வெளியே இருக்கிறது

காற்றுக்கு எடை உண்டு. கடல்மட்டத்தில் ஒரு கன மீற்றர் காற்று ஏறத்தாழ 1.2 கிலோகிராம். நம் தலைக்கு மேல் பல பத்துக் கிலோமீற்றர் உயரத்துக்கு இந்தக் காற்று நிற்கிறது. அதன் மொத்தப் பாரம், நிலத்தின் ஒவ்வொரு சதுர சென்ரிமீற்றரையும் ஏறத்தாழ ஒரு கிலோகிராம் எடைக்குச் சமமான விசையுடன் அமுக்குகிறது. இதுவே வளிமண்டல அமுக்கம். அறிவியல் அலகில் சராசரியாக 101,325 பஸ்கால். விரித்த உள்ளங்கையின்மீது நூறு கிலோகிராமுக்கு மேற்பட்ட பாரம் எந்நேரமும் இருக்கிறது. புறங்கையையும் காற்று அதே அளவுக்கு அமுக்குவதால் நாம் அதை உணர்வதில்லை.

ஓரிடத்தில் இருக்கும் அமுக்கத்தைச் சுற்றுப்புற அமுக்கத்தைவிடக் குறைப்பதே உறிஞ்சல். குறைத்ததும், அமுக்கம் கூடிய பக்கத்திலிருந்து குறைந்த பக்கத்துக்குக் காற்றோ நீரோ தள்ளப்படுகிறது. குறைப்பது மட்டுமே நம் வேலை. தள்ளும் வேலையைச் செய்வது வெளியே இருக்கும் வளிமண்டலம்.

கொடிகாமத்தில் ஓர் இளநீரை வாங்கிக் குழல் வைத்துக் குடிக்கும்போது நடப்பது இதுதான். கன்னமும் நாக்கும் அசைந்து வாய்க்குள் இருக்கும் இடத்தைப் பெரிதாக்குகின்றன. அங்கிருக்கும் காற்று ஐதாகி அமுக்கம் குறைகிறது. இளநீரின் மேற்பரப்பை வெளிக்காற்று அமுக்கி, குழல் வழியே மேலே ஏற்றுகிறது. குழலைச் சுற்றி மெழுகு வைத்துக் காற்றுப் புகாமல் அடைத்துவிட்டால், எவ்வளவு பாடுபட்டு உறிஞ்சினாலும் ஓரிரு மிடறுக்கு மேல் வராது. ரின்பால் பேணியில் ஒரே ஒரு துளையிட்டுக் கவிழ்த்தால் பால் தயங்கி நின்றுவிடுவதும், எதிர்ப்பக்கத்தில் இரண்டாவது துளையிட்டதும் ஒழுகத் தொடங்குவதும் இதே காரணத்தால்தான். மூக்குப்பேணியை உயர்த்தி அண்ணாந்து குடிப்பவரோ உறிஞ்சவே இல்லை. அங்கே புவியீர்ப்பு மட்டும் வேலை செய்கிறது.

இன்னும் இரண்டு சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. காற்று முழுவதும் நீங்கிய இடம் வெற்றிடம். அன்றாட வாழ்வில் நாம் உண்டாக்குவதெல்லாம் பகுதி வெற்றிடம்தான். மருத்துவமனைகளிலும் பொறியியலிலும் ‘மறை அமுக்கம்’ என்று சொல்வது, வெளி அமுக்கத்தைவிட உள்ளே எவ்வளவு குறைவு என்பதையே குறிக்கும். வெளி அமுக்கம் 101,325 பஸ்கால் என்றால், குறைக்கக்கூடிய அதிகபட்ச அளவும் அதுவேதான். முழு வெற்றிடத்துக்குக் கீழே குறைப்பதற்கு எதுவும் மிச்சமில்லை.

10.3 மீற்றர் என்ற எல்லை

ஒரு சதுர சென்ரிமீற்றர் குறுக்குவெட்டுடைய குழாயில் 10.3 மீற்றர் உயரத்துக்கு நீர் நின்றால் அதன் எடை 1.03 கிலோகிராம். வளிமண்டலம் அதே பரப்பில் தரும் விசையும் அவ்வளவே. ஆகவே குழாயின் மேல்முனையில் பூரண வெற்றிடத்தையே உண்டாக்கினாலும், வெளிக்காற்றால் நீரை 10.3 மீற்றருக்கு மேல் தள்ள இயலாது. குழாய் பெருத்தாலும் சிறுத்தாலும் இதே உயரம்தான். நீரின் எடை கூடும்போது அதைத் தள்ளும் பரப்பும் சேர்ந்து கூடுகிறது.

இந்த எல்லையை முதலில் கண்டவர்கள் பம்பி திருத்தும் தொழிலாளர்கள். கலிலியோ 1638இல் வெளியிட்ட நூலில் இதைப் பற்றிய ஒரு பேச்சு வருகிறது. கிணற்றுப் பம்பி பழுதாகிவிட்டது என்று ஆளைக் கூப்பிட, வந்தவர் சோதித்துவிட்டு, பிழை பம்பியில் இல்லை, நீர்தான் மிகக் கீழே போய்விட்டது, 18 முழத்துக்கு மேல் எந்தப் பம்பியும் ஏற்றாது என்கிறார். ஏறத்தாழ நானூறு ஆண்டுகளுக்கு முன் அந்தத் தொழிலாளி சொன்ன பதில் இன்று நம் கிணற்றடியிலும் அப்படியே பொருந்தும். காரணம் சொல்ல முற்பட்ட கலிலியோவோ தவறிவிட்டார்: நீளம் கூடிய கயிறு தன் பாரத்தால் அறுவதைப்போல நீர்த்தூணும் அறுந்துவிடுகிறது என்று கருதினார்.

சரியான விடை அவருடைய மாணவர் டொரிசெல்லியிடமிருந்து வந்தது. 1643இல் நீருக்குப் பதிலாக அதைவிட 13.6 மடங்கு அடர்த்தியான இரசத்தை (பாதரசத்தை) கண்ணாடிக் குழாயில் நிரப்பிக் கவிழ்த்தபோது, இரசம் ஏறத்தாழ 76 சென்ரிமீற்றர் உயரத்தில் நின்றது. 76ஐ 13.6ஆல் பெருக்கினால் 10.3 மீற்றர் வந்துவிடும். காற்றுக் கடலின் அடித்தளத்தில் நாம் வாழ்கிறோம் என்று அவர் எழுதினார். அது உண்மையென்றால் மலையேறும்போது இரசம் இறங்கவேண்டும். 1648இல் பிரெஞ்சு அறிஞர் பஸ்காலின் மைத்துனர் பெரியே பிரான்ஸின் புய் தெ டோம் மலையில் ஏறி அளந்தபோது அது இறங்கத்தான் செய்தது. ஜேர்மனியின் ஒட்டோ வொன் கெரிக்கே, இரண்டு செப்பு அரைக்கோளங்களை ஒன்றுசேர்த்து உள்ளிருந்த காற்றை வெளியேற்றி, குதிரைகள் பூட்டி இழுத்தும் பிரியாததை 1650களில் மக்கள் முன் செய்து காட்டினார். உள்ளே இருந்து அவற்றைப் பிடித்துவைத்த பொருள் எதுவும் இல்லை. வெளியே இருந்து அமுக்கியது நாம் மூச்சுவிடும் இந்தக் காற்று.

யாழ்ப்பாணக் கிணறும் ஏழு மீற்றரும்

குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது; வழுக்கை ஆறும் மாரியில் மட்டுமே ஓடும். சுண்ணாம்புக்கற் படிவத்துக்குள் தேங்கும் மழைநீரே நமக்கு ஆதாரம். நிலம் தாழ்ந்தும் தட்டையாகவும் இருப்பதால் அந்த நீர் பெரும்பாலான இடங்களில் சில மீற்றர் ஆழத்திலேயே கிடைத்துவிடுகிறது. கிணற்றுக் கட்டில் வைத்த ஒரு சாதாரண மோட்டர் இங்கே வேலை செய்கிறது என்றால், நிலத்தின் தாழ்வும் வளிமண்டலத்தின் பாரமும் ஒத்துப்போகின்றன என்பதே அதன் பொருள். துலாவும் பட்டையும் கொண்டு இறைத்த காலத்தில் இந்த எல்லை யாரையும் தடுக்கவில்லை. பட்டை நீரைச் சுமந்து வந்தது. கயிறு எட்டும்வரை அது போகும்.

மேலே வைத்த பம்பிக்கு 10.3 மீற்றர் என்பது ஏட்டுக் கணக்கு. நடைமுறையில் 7 மீற்றர், மிக நல்ல நிலையில் 8 மீற்றர். இடையில் இரண்டு மூன்று மீற்றர் எங்கே போகிறது?

நீர் சூடாக இருந்தால் ஆவியாகும் நாட்டம் கூடும். 30 பாகை செல்சியஸ் நீரின் ஆவி அமுக்கம் ஏறத்தாழ 43 சென்ரிமீற்றர் நீர்த்தூணுக்குச் சமம். அமுக்கம் அந்த அளவுக்குக் குறைந்தாலே குழாய்க்குள் நீர் கொதித்துக் குமிழியாகும். குமிழிகள் பம்பியின் சுழல்சக்கரத்தில் உடைந்து, சரளைக்கல்லைப் போட்டு உருட்டுவதைப்போல் ஒலி எழுப்பும். நாளடைவில் உலோகத்தையே அரித்துவிடும். குழாயின் உராய்வும் வளைவுகளும் இன்னொரு பங்கை எடுக்கின்றன. எஞ்சியதில், பம்பிக்குள் நீர் விரைந்து நுழைவதற்கும் ஓரளவு அமுக்கம் வேண்டும்.

குதிரைவலுவைக் கூட்டினால் என்ன ஆகும் என்பது இப்போது தெளிவாகும். பம்பிக்கு இரண்டு பக்கங்கள் உள்ளன. வெளியேற்றும் பக்கத்தில் பம்பியே நீரைத் தள்ளுகிறது. அங்கே வலுவைக் கூட்டினால் நான்காம் மாடிக்கும் ஏற்றலாம். உறிஞ்சும் பக்கத்தில் தள்ளுவது வளிமண்டலம்; அதன் வலுவை யாரும் விலைகொடுத்துக் கூட்ட முடியாது. பெரிய மோட்டர் கிணற்று நீரை வேகமாக இறக்கிவிடும், உறிஞ்சு குழாயில் உராய்வையும் கூட்டும். எல்லைக்கு அருகே நிற்கும் கிணற்றில் அது நிலைமையை மோசமாக்கும்.

தண்ணீர் ஏறாதபோது பார்க்கவேண்டியவை

செலவழிக்க முன்னர் இந்த ஒழுங்கில் சோதிப்பது நல்லது.

1. செங்குத்து உயரம். கிணற்றின் ஆழமோ குழாயின் நீளமோ இங்கே கணக்கில்லை. நீரின் மேற்பரப்பிலிருந்து பம்பியின் நடுப்பகுதிவரை உள்ள உயரமே கணக்கு. கல் கட்டிய கயிற்றால் அளக்கலாம். மோட்டர் கால் மணித்தியாலம் ஓடியபின் மறுபடியும் அளக்கவேண்டும். காலையில் 6 மீற்றரில் இருந்த நீர் இறைப்பின்போது 8 மீற்றருக்குப் போயிருக்கலாம். 7 மீற்றருக்கு மேல் என்றால் மற்றவற்றைச் சோதித்துப் பயனில்லை.

2. காற்றுக் கசிவு. அதிகம் தொல்லை தருவது இதுதான், கண்ணுக்குத் தெரியாததும் இதுதான். உறிஞ்சு குழாய்க்குள் அமுக்கம் குறைவு என்பதால், பொருத்தில் வெடிப்பு இருந்தாலும் மோட்டர் ஓடும்போது அதன் வழியாக நீர் வெளியே சொட்டாது. காற்றுத்தான் உள்ளே போகும். மோட்டர் ஓடும்போது ஒவ்வொரு பொருத்திலும் சவர்க்கார நுரையைப் பூசிப் பாருங்கள். நுரை உள்ளே இழுபடும் இடத்தில் கசிவு இருக்கிறது.

3. ஃபுட் வால்வு. குழாயின் அடியில் இருக்கும் இந்த ஒருவழிக் கதவில் ஒரு சிறு கல்லோ இலைத் துண்டோ சிக்கினால், மோட்டர் நின்றதும் குழாயில் உள்ள நீரெல்லாம் கிணற்றுக்குத் திரும்பிவிடும். மறுநாள் பம்பிக்குள் காற்று மட்டுமே இருக்கும். சுழலும் சக்கரம் உண்டாக்கும் அமுக்கம், அதற்குள் இருக்கும் பொருளின் அடர்த்தியைப் பொறுத்தது. காற்றின் அடர்த்தி நீரின் அடர்த்தியில் எண்ணூறில் ஒரு பங்கு. காற்றைச் சுழற்றும் பம்பியால் நீரைச் சில சென்ரிமீற்றர்கூட உயர்த்த இயலாது. தொடங்கும் முன் தண்ணீர் விட்டு நிரப்பச் சொல்வது இதனால்தான்.

4. குழாயின் விட்டம். அதே அளவு நீர் ஓடும்போது, ஒன்றரை அங்குலக் குழாய்க்குப் பதிலாக ஓர் அங்குலக் குழாய் இருந்தால் உராய்வு இழப்பு ஏறத்தாழ ஏழு மடங்காகும். உறிஞ்சும் பக்கத்தில் சிறிய குழாய் போட்டுச் சேமிக்கும் பணம் வீண்.

5. குழாயில் மேடு. கிணற்றிலிருந்து பம்பிவரை குழாய் ஒரே சீராக ஏறவேண்டும். நடுவில் வளைந்து மேடாகும் இடத்தில் காற்றுத் தேங்கி நீரோட்டத்தை அடைக்கும்.

மோட்டரை இறக்கலாம், எரிபொருள் இயந்திரத்தை இறக்கக்கூடாது

நீர் எட்டாதபோது செய்யக்கூடியது ஒன்றே: பம்பியை நீருக்கு அருகே கொண்டுபோவது. கிணற்றுக்குள் மேடை கட்டி மின்மோட்டரை வைப்பது ஒரு வழி; நில இணைப்பும் ட்ரிப் சுவிட்சும் சரியாக இருக்கவேண்டும், மாரியில் மேடை மூழ்குமுன் மோட்டரை மேலே எடுத்துவிடவேண்டும். இரட்டைக் குழாய் ஜெட் பம்பி இன்னொரு வழி. அது மேலிருந்து ஒரு பங்கு நீரைக் கீழே அனுப்பி, அங்கிருந்தே நீரை மேலே தள்ளுகிறது. நீருக்குள்ளேயே மூழ்கிக் கிடக்கும் பம்பிக்கு உறிஞ்சல் என்ற பிரச்சினையே இல்லை. அது தள்ள மட்டும் செய்கிறது.

பெற்றோலிலோ மண்ணெண்ணெயிலோ ஓடும் இயந்திரத்தை மட்டும் கிணற்றுக்குள் இறக்கவே கூடாது. கிணறு கலக்கி இறைக்கும்போதும் வரட்சிக் காலத்திலும் இதைச் செய்து உயிரிழந்தவர்கள் உண்டு. புகையில் இருக்கும் காபனோரொட்சைட்டுக்கு நிறமும் மணமும் இல்லை. கிணற்றுக்குள் தேங்கி நிமிடங்களில் மயக்கமடையச் செய்யும். மயங்கியவரைத் தூக்க இறங்குபவரும் அதே காற்றைத்தான் சுவாசிப்பார். முதலில் இயந்திரத்தை நிறுத்தவேண்டும். மூச்சுக் கருவியும் கயிறும் இல்லாமல் யாரும் இறங்கக்கூடாது.

வீட்டுக்குள் உறிஞ்சல்

குளியலறைச் சுவரில் ஒட்டும் இறப்பர் கொக்கியின் கணக்கு எளிது. 5 சென்ரிமீற்றர் விட்டமுடைய வட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 20 சதுர சென்ரிமீற்றர். உள்ளே காற்றே இல்லையென்றால் வெளிக்காற்று அதை 20 கிலோகிராம் பாரத்துடன் சுவரில் அமுக்கிப் பிடிக்கும். கையால் அமுக்கும்போது சிறிது காற்று உள்ளே மிஞ்சிவிடுவதால் உண்மையில் அதைவிடக் குறைவு. தரை ஓடு பதித்த சுவரில் அது நிற்கும். நுண்துளைகள் நிறைந்த சுண்ணாம்புச் சுவரில் காற்று உள்ளே புகுந்து சற்று நேரத்தில் விழும். விளிம்பைச் சற்று ஈரமாக்கினால் அந்த இடைவெளிகள் அடைபட்டு நெடுநேரம் நிற்கும். நம் கடலில் பிடிபடும் பேய்க்கணவாயின் கைகளில் உள்ள வட்டங்களும் இதே முறையில்தான் பற்றுகின்றன. கடலில் 10 மீற்றர் ஆழத்துக்குப் போனால் வெளி அமுக்கம் இரட்டிப்பாகும். பிடியின் உச்ச எல்லையும் அதனுடன் உயரும்.

சூடாகக் கழுவி ஒன்றுக்குள் ஒன்று அடுக்கிய எவர்சில்வர் பேணிகள் பிரிய மறுப்பது, இடையில் அகப்பட்ட காற்று குளிர்ந்து சுருங்குவதால். வெளிப்பேணியைச் சுடுநீரில் வைத்தால் பிரிந்துவிடும். சூடாக அடைத்த ஊறுகாய்ப் போத்தலின் மூடியும் இவ்வாறே இறுகுகிறது. கரண்டி முனையால் விளிம்பை நெம்பிச் சிறிது காற்றை உள்ளே விட்டால் போதும்.

தூசி உறிஞ்சும் இயந்திரத்தில் பிடிப்பின் வலுவே தூசியை இழுக்கிறது என்ற தவறான எண்ணம் பரவலாக உண்டு. 1901இல் இலண்டனில் ஹியூபேர்ட் சிசில் பூத் இதை உருவாக்கும்வரை பல கருவிகள் தூசியை ஊதித்தான் விரட்டின. வீட்டில் பயன்படுத்தும் இயந்திரம் வளிமண்டல அமுக்கத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கைத்தான் குறைக்கிறது. தூசியைத் தூக்கிச் செல்வது அந்த அமுக்கக் குறைவால் உண்டாகும் காற்றோட்டம். வாயைக் கையால் அடைத்தால் உள்ளே அமுக்கம் மிகக் குறையும், கை இறுகப் பிடிபடும். ஆனால் காற்று ஓடாததால் ஒரு துகளும் நகராது. பை நிறைந்த இயந்திரம் உரக்கச் சத்தமிட்டும் சுத்தம் செய்யாதது இதனால்தான். கடையில் பிடிப்பின் வலுவை மட்டும் காட்டி விற்றால், காற்றோட்டத்தின் அளவையும் கேட்கவேண்டும்.

பரலிலிருந்து குழாய் வைத்து நீர் இறக்கும் சைபனில் உறிஞ்சல் தொடக்கத்துக்கு மட்டுமே வேண்டும். பிறகு, தாழ்வான பக்கத்தில் இறங்கும் நீரின் எடையே ஓட்டத்தைத் தொடர்ந்து நடத்துகிறது.

உடலுக்குள்ளும் மருத்துவத்திலும்

மூச்சை உள்ளெடுப்பதும் உறிஞ்சலே. பிரிமென்றகடு கீழிறங்க, மார்புக்கூடு விரிய, நுரையீரலுக்குள் அமுக்கம் மிகச் சிறிதளவு குறைகிறது. வெளிக்காற்று உள்ளே வருகிறது. நுரையீரலைச் சுற்றியுள்ள மென்படல இடைவெளியில் எப்போதும் ஒரு மறை அமுக்கம் இருப்பதால்தான் நுரையீரல் விரிந்தே நிற்கிறது. மார்பில் காயம்பட்டு அங்கே காற்றுப் புகுந்தால் அது சுருங்கிவிடும். மருத்துவர்கள் குழாய் செலுத்தி அந்தக் காற்றை வெளியேற்றுவார்கள்.

மார்புத் தசைகளின் முழு வலுவையும் கொண்டு உண்டாக்கக்கூடிய மறை அமுக்கம் ஏறத்தாழ ஒரு மீற்றர் நீர்த்தூண் அளவு. நீருக்குள் ஒரு மீற்றர் ஆழத்தில் படுத்துக்கொண்டு, மேற்பரப்புவரை நீட்டிய நீண்ட குழலால் சுவாசிப்பது இயலாததற்கு இதுவே காரணம்; மார்பை அமுக்கும் நீரின் பாரத்தைத் தசைகள் வெல்ல முடிவதில்லை. கடலட்டை எடுக்கப் போகும் சுழியோடிகளுக்குச் சிலிண்டர், நீரின் அமுக்கத்துக்கு ஈடான அமுக்கத்தில் காற்றைக் கொடுக்கிறது.

வைத்தியசாலையில் சளியையும் இரத்தத்தையும் அகற்றும் இயந்திரத்தை வயதுவந்தவர்களின் மூச்சுக்குழாயில் பயன்படுத்தும்போது, மறை அமுக்கத்தைப் பொதுவாக 150 மில்லிமீற்றர் இரசத்துக்குக் கீழேயே வைத்திருப்பார்கள். அதற்கு மேல் போனால் மென்மையான சுவர்கள் இழுபட்டுக் காயப்படும். குழந்தையின் மூக்கை இறப்பர்க் குமிழால் சுத்தம் செய்யும்போதும் இதே கவனம் தேவை: குமிழை அமுக்கியபின்பே மூக்கில் வைக்கவேண்டும், மூக்கில் வைத்தபின் அமுக்கினால் சளி உள்ளே தள்ளப்படும்.

உறிஞ்சவே கூடாத இரண்டு இடங்களை இங்கே வலியுறுத்திச் சொல்லவேண்டும். ஒன்று பாம்புக்கடி. சுருட்டை விரியனும் நாகமும் புடையனும் உள்ள குடாநாட்டில், கடிவாயில் வாய்வைத்து நஞ்சை உறிஞ்சும் பழக்கம் இன்னும் மறையவில்லை. நஞ்சு ஒரு குழாய்க்குள் தேங்கி நிற்பதில்லை, தசைக்குள் பரவிவிடுகிறது. போலி நஞ்சை மனிதக் காலில் செலுத்திச் செய்த ஒரு சோதனையில், இதற்கென்றே விற்கப்பட்ட உறிஞ்சு கருவி எடுத்தது ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. உறிஞ்சுவதும் கீறுவதும் கட்டுப்போட்டு இறுக்குவதும் காயத்தை மோசமாக்கும், நேரத்தையும் வீணாக்கும். கடிபட்ட உறுப்பை அசைக்காமல் வைத்து வைத்தியசாலைக்கு விரைவதே முதலுதவி.

இரண்டாவது, எரிபொருளைக் குழாய் வைத்து வாயால் உறிஞ்சி இறக்குவது. மண்ணெண்ணெயும் பெற்றோலும் வயிற்றுக்குப் போவதைவிட நுரையீரலுக்குப் போவதே பெரிய ஆபத்து. பாகுத்தன்மை குறைந்த எண்ணெய் ஒரு சிறு மிடறு மூச்சுக்குழாயில் இறங்கினாலும் நுரையீரல் எங்கும் பரவி அழற்சியை உண்டாக்கும். தவறி விழுங்கியவரை வாந்தியெடுக்கச் செய்யக்கூடாது. மேலே வரும் எண்ணெய் மறுபடியும் மூச்சுக்குழாய்க்குள் போகும். சிறிய கைப்பம்பி ஒன்று வாங்கி வைத்தால் இந்த ஆபத்து முற்றாக நீங்கும்.

கூரையைத் தூக்கும் காற்று

புயலில் கூரைத் தகரம் பறப்பதைக் காற்று உள்ளே புகுந்து தூக்குவதாக மட்டும் நினைக்கிறோம். பாதிக் காரணம் மேலே இருக்கிறது. கூரை விளிம்பில் மோதி மேலெழும் காற்று, கூரையின் மேற்பரப்பை விட்டுப் பிரிந்து செல்லும்போது அங்கே அமுக்கம் குறைகிறது. வீட்டுக்குள் இருக்கும் காற்று கீழிருந்து தள்ளுகிறது. மணிக்கு ஏறத்தாழ 108 கிலோமீற்றர் வேகக் காற்றில் இந்த வேறுபாடு ஒரு சதுர மீற்றருக்கு 55 கிலோகிராம் அளவில் இருக்கலாம். மூலைகளிலும் விளிம்புகளிலும் அதைவிடக் கூடும். இரண்டு சதுர மீற்றர்த் தகரமொன்றை நூறு கிலோகிராமுக்கு மேற்பட்ட விசை மேலே தூக்குகிறது. தகரத்தின்மீது நான்கு கற்களை வைப்பது இதற்கு ஈடாகாது; விளிம்புகளில் ஆணிகளை நெருக்கி அறைவதும், கூரை மரங்களைச் சுவருடன் இரும்புப் பட்டியால் கட்டுவதும் பயன்தரும்.

உறிஞ்சலால் விளங்காத இரண்டு

சுவரில் ஓடும் பல்லி உறிஞ்சலால் ஒட்டுவதில்லை. வெற்றிடத்தில் வைத்தாலும் அது ஒட்டும். அதன் விரல்களில் உள்ள இலட்சக்கணக்கான நுண்மயிர்கள் சுவரை மிக நெருங்கிச் செல்வதால், மூலக்கூறுகளுக்கு இடையேயான நலிந்த கவர்ச்சி ஒன்றுசேர்ந்து அதைத் தாங்குகிறது.

மற்றது பனை. 30 மீற்றர்வரை உயரக்கூடிய மரத்தின் வட்டுக்கு நீர் எப்படிப் போகிறது? வளிமண்டலம் தள்ளினால் மூன்றில் ஒரு பங்கு உயரத்திலேயே நின்றிருக்கும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் டப்ளினில் டிக்சனும் ஜோலியும் முன்வைத்த விளக்கம் இன்று பெரும்பாலும் ஏற்கப்படுகிறது. ஓலையின் நுண்துளைகளில் நீர் ஆவியாகும்போது, அங்கே எஞ்சிய நீர் பின்னால் உள்ள நீரை இழுக்கிறது. நீரின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று விடாமல் பற்றுவதால் அந்த இழுப்பு வேர்வரை செல்கிறது. முழு வெற்றிடத்தையும்விடக் குறைந்த அமுக்கத்தில், உண்மையிலேயே இழுபட்ட நிலையில் நீர் அங்கே நிற்கிறது. மயிரைப்போன்ற நுண்ணிய கலன்களில் காற்றுக் குமிழி இல்லாதவரை மட்டுமே இது நடக்கும். கலிலியோ சொன்ன கயிறு பொருந்தாமல் போனது பம்பிக்குத்தான். மரத்துக்கு அது பொருந்துகிறது. ஓர் அங்குலக் குழாயிலோ குமிழி தோன்றாமல் தடுக்க வழியில்லை.

எல்லை நீங்கியபின் வரும் உவர்

மூழ்கும் பம்பி வந்தபின் ஏழு மீற்றர் என்ற தடை நீங்கிவிட்டது. குழாய்க்கிணறு இறக்கி எந்த ஆழத்திலிருந்தும் எடுக்கலாம். குடாநாட்டைப் பொறுத்தவரை இதுவே இன்று அதிகம் கவலைப்படவேண்டிய இடம்.

நம் நிலத்தடி நன்னீர், அடர்த்தி கூடிய கடல்நீரின்மேல் மிதக்கிறது. கடல்நீர் நன்னீரைவிட ஏறத்தாழ நாற்பதில் ஒரு பங்கு கனம் கூடியது. அதனால், நன்னீர் மட்டம் கடல்மட்டத்துக்கு மேலே ஒரு மீற்றர் இருந்தால், கீழே ஏறத்தாழ 40 மீற்றர் நன்னீர் இருக்கும். கைபன், ஹேர்ஸ்பேர்க் என்ற இருவர் தனித்தனியே கண்ட விதி இது. மறுபுறம் இருந்து பார்த்தால் அதன் கடுமை தெரியும்: நீர்மட்டத்தை நிலையாக ஒரு மீற்றர் இறக்கினால், காலப்போக்கில் உவர்நீர் 40 மீற்றர் மேலே வரலாம். பொந்துகளும் வெடிப்புகளும் நிறைந்த நம் சுண்ணாம்புக்கல்லில் இந்தக் கணக்கு இடத்துக்கிடம் மாறும். நகரும் திசை மாறாது. நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பதை எல்லோரும் அறிவார்கள்.

கிணற்றுக் கட்டில் மோட்டர் இருந்தபோது, நீர் எல்லைக்குக் கீழே இறங்கியதும் மோட்டர் ஓடினாலும் இறைப்புத் தானாகவே நின்றது. தோட்டக்காரருக்கு அது எரிச்சலாக இருந்தாலும் கிணற்றுக்கு ஓய்வு கிடைத்தது. மூழ்கும் பம்பிக்கு அந்த நிறுத்தம் கிடையாது. ஆகவே அதை நாமே வைக்கவேண்டும். பம்பியைக் கிணற்றின் அடியில் தொங்கவிடாமல், கோடையில் நீர் நிற்கும் மட்டத்துக்குச் சற்றுக் கீழே தொங்கவிடவேண்டும். நீர் குறைந்ததும் மின்சாரத்தைத் துண்டிக்கும் மட்ட ஆளியைப் பொருத்தவேண்டும். பெரிய பம்பியால் ஒரு மணித்தியாலம் இறைப்பதைவிடச் சிறிய பம்பியால் நான்கு மணித்தியாலம் இறைப்பது நீர்மட்டத்தைக் குறைவாகவே இறக்கும். கடலுக்கு அண்மையில் உள்ள கிணறுகளில் உவர்த்தன்மையை மின்கடத்துதிறன் மானியால் மாதம் ஒருமுறை அளந்து குறித்து வைப்பது நாக்கை நம்புவதைவிடச் சிறந்தது. வாசிப்பு தொடர்ந்து ஏறினால் இறைப்பைக் குறைக்கவேண்டும். அந்த நிலையில் பம்பியை இன்னும் ஆழத்துக்கு இறக்கினால் மேலே வருவது உவர்நீராகவே இருக்கும்.